இசையும் கேட்போர் அபிப்பிராயமும்

உணவைக் குறித்தும் இசையைக் குறித்தும் அபிப்பிராயம் சொல்ல அஞ்சுவார் உலகில் மிகச் சிலரே. நூலொன்றைப் பற்றிக் கேட்டால், "யான் அதனைக் கற்றிலேன்" என்று ஒதுங்குவோரும், பாட்டொன்றைப் பற்றிக் கேட்டால் உடனே தீர்ப்புக் கூறத் தொடங்குவர். அத்தீர்ப்புக்கள் பாட்டின் இயல்பை உணர்த்துவதினும், கேட்டவருடைய செவி எவ்விடத்திற் பழகியது என்பதையே மிகுதியும் உணர்த்துகின்றன. இவ்வுண்மையை எமது கம்பம் பள்ளத்தாக்கில் யாம் கண்டவாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த இப்பள்ளத்தாக்கிலே, பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943-ஆம் ஆண்டு பிறந்தவர் இளையராஜா. அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளிற் பாடிப் புகழ் பெற்றவர். இளையவர் தமது பதினான்காம் வயதில் அக்குழுவிற் சேர்ந்து, ஏறக்குறையப் பத்தாண்டு ஊர் ஊராகச் சென்றார். பின்னர் 1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயிலத் தொடங்கினார். இலண்டன் டிரினிடி இசைக் கல்லூரியாரின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். பிறர் இசையமைத்த படங்களுக்குக் கிதார் வாசித்து வந்த அவரை, 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி' தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தது. வயற்காட்டுப் பாட்டின் சாயல் பல்லியத்தோடு கூடி வீடுதோறும் ஒலிக்கலாயிற்று.

இத்தகையவர் 1986-இல், திரைப்படத்தைச் சாராத இசைக்கோவை ஒன்றை ஒலிநாடாவாக வெளியிட்டார். அதன் பெயர் 'ஹவ் டு நேம் இட்?'. இதற்கு எப்பெயரிடுவது என்பது அதன் பொருள். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளுக்கும், ஜெர்மானிய இசைமேதை பாக் என்பாருக்கும் அஃது உரிமையாக்கப்பட்டது. முன்னவர் 1767-இற் பிறந்தவர். பின்னவர் 1750-இலேயே மறைந்தவர். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிலாத அவ்விருவரையும் ஒரு கூடத்தில் அமர்த்திப் பேசவைக்கும் முயற்சியே இக்கோவை என்னலாம். வி. எஸ். நரசிம்மன் பிடில் வாசித்தார். ஓர் உருப்படியில், பாக் தனிப் பிடிலுக்கென இயற்றிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, அதன்மீது நம் நாட்டுக் கமகத்தோடு வேறொரு பிடில் எழுகின்றது.

கோடை விடுமுறையொன்றில் யாம் நண்பர் சிலரோடு கூடி இக்கோவையை முற்றுங் கேட்டோம். கேட்டு முடிந்ததும் எழுந்த அபிப்பிராயங்கள் சுவையுடையன.

கருநாடக இசை பயின்ற ஆசிரியர் ஒருவர் முதலிற் பேசினார். "இராகம் என்பது தனிவழிச் செல்லும் யானை. அதன் பக்கத்தில் மற்றொரு சுரவரிசையை ஓடவிட்டால் அதன் நடை கெடாதோ?" என்றார். ஆலயப் பாடகர் குழுவை நடத்தும் அன்பரோ, நான்கு குரல்கள் இசைந்து பாடுதலிற் பழகியவர். அவர், "குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் முறையில் பிழை கண்டிலேன், ஆயினும், பாக் எழுதியதே நிறைவாக இருக்க, அதன்மேல் மற்றொன்று எதற்கு?" என்றார். ஒருவர்க்கு மேனாட்டு இசை மிகுதி. மற்றவர்க்கு நம் நாட்டு இசை மிகுதி. ஒரே பாட்டு இருவருக்கும் எதிரெதிர்க் குற்றமாயிற்று! கிதார் பயிலும் மாணவனொருவன், "கிதார் வல்லவர் செய்த கோவையில் பிடிலுக்கே தலைமை கொடுத்திருக்கிறாரே" என்று குறைபட்டான்.

அங்கிருந்த அம்மையார் ஒருவர் இவ்வழக்கிற் புகவில்லை. பாலு மகேந்திரா இயக்கிய 'வீடு' என்னும் படம் 1988-இல் வெளிவந்தது. அதற்குப் பின்னணியாக இவ்விசையே எடுத்தாளப்பட்டது. சிறு வருவாயுடைய பெண்ணொருத்தி ஒரு வீடு கட்ட முயன்று படும் பாடே அதன் கதை. "இதைக் கேட்டால் எனக்கு எங்கள் அப்பா கட்டிய வீடும், அதற்குப் பட்ட கடனுமே நினைவுக்கு வருகின்றன, இலக்கணம் எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

இறுதியிற் பேசியவர் திராட்சைத் தோட்டத்து முதியவர். இளமையில் பாவலர் பாட்டை நேரிற் கேட்டவர். "தம்பி, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாவலர் பாட்டு முடிந்தால் நாங்கள் அதைப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். இதைக் கேட்டுவிட்டு நான் எதைப் பாடிக்கொண்டு போவது?" என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை.

இவ்வபிப்பிராயங்களுள் எதனைக் கொள்வது? முதல் இருவரும் தாந்தாம் கொணர்ந்த அளவுகோலால் அளந்தனர். அக்கோவையிலுள்ள உருப்படியொன்றின் பெயரே 'ஒப்பிடாதே' என்பது. இசையமைத்தவர் தம்மைக் கேட்போரை முன்னரே அறிந்திருந்தார் போலும்! இரண்டு மரபுகளையும் முறையாகக் கற்றவர் அவற்றை இணைத்தாரெனின், அவ்விணைப்புத் தன்னளவில் நிற்கின்றதா, வீழ்கின்றதா என்று காண்பதே முறை. எம் செவிக்கு அது நிற்கின்றது. அம்மையாரின் சொல்லே அதற்குச் சான்று. பாக் பெயரையோ மும்மூர்த்திகள் வரலாற்றையோ நாடாத ஒருவருக்கும் அது தம் வீட்டுக் கதையைச் சொல்லிற்றன்றோ?

ஆயினும், முதியவரின் வினா எம்மை இன்னும் விட்டபாடில்லை. அவர் இலக்கணத்தை வைத்து அளக்கவில்லை. பயனை வைத்து அளந்தார். நாற்று நடுவோரும், தாலாட்டுவோரும், ஒப்பாரி வைப்போரும் தம் வாயால் தாமே பாடிய மண் இது. அம்மண்ணிற் பழகிய செவியே பின்னர் பாக்கையும் தியாகராஜரையும் ஒருங்கே ஏற்றது. கலைஞன் சொல்லைக் கடந்து செல்ல உரிமையுடையவன். அவனைப் பின்தொடர இயலாத ஊரார் கேள்வி கேட்கவும் உரிமையுடையவர். இவற்றுள் ஒன்றற்காக மற்றொன்றை மறுத்தல் நன்றன்று.

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள், தமது எண்பத்தோராம் வயதில், இலண்டன் மாநகரில் அவர் தம் 'வேலியன்ட்' என்னும் சிம்பொனியை அரங்கேற்றினார். அன்றும் அபிப்பிராயங்கள் மழையெனப் பொழிந்தன. கேட்குமுன்பே புகழ்ந்தோரும் உளர்; கேட்குமுன்பே இகழ்ந்தோரும் உளர். இரு திறத்தாரும் கேட்டாரல்லர்.

மாணவ அன்பர்களே! ஓர் இசையை ஒருமுறை கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; மறுமுறையும் பொறுமையோடு கேளுங்கள். முதன்முறை நம் பழக்கமே பேசும். மறுமுறைதான் இசை பேசும். இன்னுமொன்று: விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நடவுப் பாட்டு அறிந்த மூதாட்டியர் எவரேனும் இருப்பின், அவர் பாட்டை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அவர் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் மறைந்த பின்னர் அப்பாட்டை எந்நூலகத்திலும் தேட இயலாது. அதனை ஏட்டில் எழுதுவதோடு நில்லாமல், பாடக் கற்றும் வாருங்கள். அந்தத் தோட்டத்து முதியவர்க்கு நம்மால் இயன்ற மறுமொழி அதுவே.