கதவின் சரிவு

மர்ஹூம் வாப்பா விட்டுச்சென்ற 1984ஆம் ஆண்டு அம்பாசிடர் எங்கள் முற்றத்தில் நிற்கிறது. 2014இல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. எனக்கோ விற்க மனம் வரவில்லை.

உம்மா அமரும் முன்பக்கக் கதவு, சில மாதங்களாக ஓங்கி அறைந்தால்தான் மூடியது. குறை பூட்டில்தான் என்று முடிவுகட்டி, தூணிலுள்ள பூட்டுக் கொக்கியைத் தளர்த்திச் சற்றே கீழிறக்கினேன். கதவு மூடியது. சென்ற வாரம் ஒரு வளைவில் திரும்பும்போது அது தானாகவே திறந்துகொண்டது. உம்மா இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். அல்லாஹ் காத்தான்.

டிங்கர் பட்டறையின் முதிய மிஸ்திரி பூட்டைப் பார்க்கவேயில்லை. கதவைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினார். அது ஆடியது. கீல் ஆணிகள் தேய்ந்து, கதவின் பூட்டுப் பக்கம் தாழ்ந்திருந்தது. சரிந்த கதவுக்கு ஏற்பக் கொக்கியையும் சரித்து வைத்தவன் நான்.

புதிய ஆணிகளை இட்டு, கதவைச் சுற்றிய இடைவெளி எங்கும் ஒரே அளவாகும்வரை கீலைச் சரிசெய்தார். கடைசியாகத்தான் கொக்கியைப் பழைய இடத்திற்கு உயர்த்தினார். பிறகு கேட்டார்: “இந்தக் கதவைப் பிடித்து ஊன்றி யாராவது இறங்குவார்களா, பாய்?”

மூட்டுவலியோடு உம்மா பல ஆண்டுகளாக அப்படித்தான் இறங்குகிறார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் முதலில் நான் இறங்கினேன். மறுபக்கம் சென்று கதவைத் திறந்து, கையை நீட்டினேன். உம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பற்றி எழுந்தார்கள்.