வடகரையின் செம்மண் பள்ளம்

கோழிக்கோட்டுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் வடகரை. வடக்கன் பாட்டுகள் புகழும் கடத்தநாடு இதுதான். மழை பிடித்துவிட்டால் களரிகளில் எண்ணெய் மணக்கும். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய செம்மண் பள்ளம். மரபுப்படி 42 அடி நீளம், 21 அடி அகலம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை.

பெண்கள் பருவமடைந்ததும் களரியை விட்டு நின்றுவிடுவது வழக்கம். ஏழு வயதில் உள்ளே இறங்கிய மீனாட்சியம்மா நிற்கவில்லை. 2017இல் பத்மஸ்ரீ வாங்கியபோது எழுபதைத் தாண்டியிருந்தார். சேலையை இழுத்துச் செருகி, முழங்காலை மடக்கி அவர் தாழ்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். அந்த வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கைத்தாங்கல் தேடும் பெண்கள்தான் அதிகம்.

மாதவிடாய் நின்றபின் தசை வேகமாகக் கரைகிறது. தொடை தளர்ந்தால் விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் பின்னாலேயே வரும். வயசாகிவிட்டது என்று வீட்டிலேயே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்! 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், 90 வயதை எட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எடைப் பயிற்சி தந்தார்கள். எட்டே வாரத்தில் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. பயிற்சியை நிறுத்தியதும் குறையவும் தொடங்கியது.

மீனாட்சியம்மாவின் களரியில் கட்டணம் கிடையாது. மாணவர்கள் விரும்பித் தரும் தட்சிணைதான்.