இடுப்பளவுத் தண்ணீர்

பஜேரோவை வாங்கி வந்து வீட்டு முன்னால் நிறுத்தியபோது அப்பா அதை இரண்டு தரம் சுற்றி வந்தார். டயரை எட்டி உதைத்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"எவ்ளோ?"

"பதினேழாயிரம் வெள்ளிப்பா."

"உனக்கும் இதுக்கும் ஒரே வயசா இருக்கும் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. வண்டி 1997-இல் பதிவானது. எனக்கு அதைவிட ஒரு வயது கூட. 2020 ஆகஸ்டில் வாங்கினேன். ஸ்கூடாயில் இயந்திரப் பொறியியல் முடித்து, வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இவ்வளவு பழைய வண்டிக்கு எந்த வங்கியும் கடன் தராது. ஒரு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ரொக்கமாகக் கொடுத்தேன். என்னோடு படித்தவர்கள் மைவி வாங்கினார்கள், சிலர் தவணையில் ஹோண்டா சிட்டி எடுத்தார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால் அப்போது ஒரு பதில் வைத்திருந்தேன்: எங்கே வேண்டுமானாலும் போகலாம். அப்பா பந்திங் வட்டாரத் தோட்டங்களில் இருபத்தைந்து வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் லோரி சிக்கி, டிராக்டர் வந்து இழுக்கும் வரைக்கும் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே படுத்திருந்த கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். சிக்காத வண்டி ஒன்று வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து வந்திருக்கலாம்.

அந்த வண்டியின் அழகு கியர் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டிக் கம்பியில்தான் இருக்கிறது. அதற்கு நான்கு நிலை. 2எச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். 4எச் போட்டால் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும், ஆனால் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் திறந்திருக்கும். அதனால் மழையில் தார் ரோட்டிலும் ஓட்டலாம். 4எச்எல்சி-இல் அந்த நடு டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும். கடைசியாக 4எல்எல்சி. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். வேகம் குறையும், இழுவை கூடும்.

பூட்டிய நிலையில் காய்ந்த தார் ரோட்டில் ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் போகும் தூரம் வேறு, பின் சக்கரங்கள் போகும் தூரம் வேறு. இரண்டையும் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் ஷாஃப்ட்டை முறுக்கும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். தாரில் விடாது, உள்ளே ஏதாவது ஒன்று உடையும். வகுப்பில் வரைபடமாகப் பார்த்ததை இருக்கையில் உட்கார்ந்து இடுப்பால் உணர்ந்தபோது, நான்கு வருடப் படிப்புக்கு அப்போதுதான் அர்த்தம் கிடைத்தது போல இருந்தது.

படிப்பு உதவாத இடங்களும் இருந்தன. வாங்கிய மூன்றாம் மாதம் டேஷ்போர்டில் முன் சக்கர விளக்கு இரண்டும் மினுக் மினுக்கென்று மினுக்க ஆரம்பித்தன. 4எச் போட்டாலும் முன் சக்கரம் சேரவில்லை. சர்க்கிட் வரைபடத்தை இறக்கி, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒவ்வொரு ஒயராகச் சோதித்தேன். கடைசியில் எங்கள் ஊர் பொமன் அண்ணனிடம் போனேன். அவர் பானெட்டைத் திறந்து ஒரு ரப்பர் குழாயை விரலால் தடவினார். குழாயில் வெடிப்பு. அந்த வண்டியில் முன் அச்சைச் சேர்ப்பது வேக்குவம். காற்று ஒழுகினால் சேராது. புதுக் குழாய் மூன்று வெள்ளி.

"தம்பி, நீ கரண்ட்டைத் தேடுன. இது காத்துலா" என்றார்.

எண்ணெய் மாற்றுவது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் அடிப்பது, டிஃபரன்ஷியல் எண்ணெயை எப்போது பார்ப்பது எல்லாம் அவரிடம்தான் கற்றேன். பழைய டீசல் இஞ்சினைச் சூடாக விட்டால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்று ரேடியேட்டர் மூடியைத் தட்டித் தட்டிச் சொல்வார். அந்த செப்டம்பரில் கேமரன் மலைக்குப் போய்விட்டு வந்து, அங்கே காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களைப் பற்றிப் பெரிதாகப் பேசினேன். என்னைவிட, ஏன், அப்பாவின் கல்யாணத்தைவிட வயதான வண்டிகள். கதவில்லாமல், கண்ணாடி இல்லாமல், கோசு மூட்டைகளோடு செங்குத்தான மண் ரோட்டில் ஏறுகின்றன. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒன்னு ஞாபகம் வச்சுக்க. ஃபோர் வீல் இருந்தா சிக்கமாட்டோம்னு இல்ல. மத்தவன் ரோட்டோரத்துல சிக்குவான், நீ இன்னும் உள்ள போய்ச் சிக்குவ."

சிரித்தேன். அவரும் சிரித்தார்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையிலிருந்தே மழை விடவில்லை. காலை பத்தரை மணிக்கு அத்தை கூப்பிட்டார். அப்பாவின் தங்கை. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இரண்டு மாடி வீட்டில் தனியாக இருப்பவர்.

"மருமவனே, லோங்காங் ரொம்பி ரோட்டுக்கு வந்துருச்சு. வந்து கூட்டிட்டுப் போறியா? பயமா இருக்கு."

அன்று காலை நான் டயர் கடையில் இருந்தேன். சேற்று டயர் நான்கு மலிவாகக் கிடைத்திருந்தது, மாட்டிக்கொண்டிருந்தார்கள். "தண்ணி ஏறுனா கூப்பிடுங்க அத்தை. பஜேரோ இருக்கு, எப்ப வேணும்னாலும் வருவேன்" என்றேன்.

மறுபடி அவர் கூப்பிட்டபோது மணி ஏழு. தண்ணீர் வீட்டுக்குள் வந்து மாடிப்படியில் மூன்றாம் படி வரை ஏறியிருந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கோத்தா கெமுனிங் பக்கமிருந்து உள்ளே போகப் பார்த்தோம். ரோட்டோரமெல்லாம் கார்கள். மக்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். எல்லோர் கையிலும் ஃபோன். தண்ணீர் தொடங்கிய இடத்தில் 4எச்எல்சி போட்டேன். ஓரத்தில் நின்ற ஒரு பெண் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, உள்ள போறீங்களா? எங்கம்மா இருக்காங்க" என்று ஒரு முகவரியைச் சொன்னார். "பார்க்கறேன் அக்கா" என்றேன்.

கொஞ்ச தூரம் போனது. சக்கரத்தின் நடுக்குமிழ் மூழ்கியது. கதவின் கீழ்விளிம்பில் தண்ணீர் தட்டியது. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் குறுக்கே ஓடுவது தெரிந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினேன். பத்து அடி முன்னால் நடந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. இன்னும் ரோடு இறக்கமாகத்தான் போனது.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். அது தானாக வந்த கணக்கு. இஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய் என் இடுப்புக்குச் சற்று மேலே. அதில் தண்ணீர் புகுந்தால் சிலிண்டருக்குள் போகும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. டீசல் இஞ்சினில் மிச்சம் இருக்கும் இடமே கொஞ்சம், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதற்கு முன்னாலேயே இன்னொன்று நடக்கும். வண்டித் தளத்துக்கு மேலே தண்ணீர் ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும், உள்ளே தண்ணீர் நிறைவதற்குள், 600 கிலோவுக்கு மேல் வண்டியைத் தூக்கும். இரண்டு டன் வண்டி முப்பது சென்டிமீட்டரில் மிதக்கத் தொடங்கும். மிதந்துவிட்டால் நான்கு சக்கரமும் சுற்றி ஒன்றுக்கும் உதவாது. குறுக்கே ஓடும் தண்ணீர் எங்கே கொண்டு போகிறதோ அங்கே போக வேண்டியதுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"போ" என்றார் அப்பா.

"போக முடியாதுப்பா."

அந்த நேரம் பார்த்து ஒரு பத்து டன் லோரி எங்களைத் தாண்டி உள்ளே போனது. அது எழுப்பிய அலை எங்கள் கதவில் அடித்து வண்டியை ஆட்டியது. அதன் சிவப்பு விளக்குகள் மழையில் மங்கும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த லோரி போவுதே" என்றார்.

நான் ரிவர்ஸ் எடுத்தேன். அந்தப் பெண் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை இறக்காமல் கையை மட்டும் அசைத்துக் காட்டினேன். பந்திங் வரும்வரை அப்பா பேசவில்லை. அத்தையின் ஃபோன் அன்று இரவே செத்துப்போனது.

திங்கட்கிழமை காலைதான் அத்தை வெளியே வந்தார். தன்னார்வலர்கள் ஒரு படகில் கொண்டுவந்து விட்டார்கள். காய்ச்சல். மற்றபடி ஒன்றும் இல்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்துப் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கினேன். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீருக்குள் இறங்கும்போது சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும், மூச்சுக் குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். திருகைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த காப்பி நிறத்தில் ஊற்றியது. அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கீழே குந்தி உட்கார்ந்து சட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ தண்ணியா உள்ள போயிருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. புது எண்ணெய் ஊற்றி, ஒரு நாள் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றினோம். மூச்சுக் குழாயை நீட்டிப் பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினேன்.

அன்றைய கணக்கு சரிதான். இப்போதும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. உள்ளே போயிருந்தால் அப்பாவையும் சேர்த்து வேறு யாராவது காப்பாற்ற வேண்டியிருந்திருக்கும். நண்பர்களிடம் இதைத்தான் சொல்லிவந்தேன், அவர்களும் தலையாட்டினார்கள்.

அடுத்த தீபாவளிக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே அந்த இரவைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். எதிர்வரிசை ஒற்றை மாடி வீடுகளில் இருந்த இரண்டு குடும்பம் அத்தை வீட்டு மாடிக்கு வந்துவிட்டதாம். ஒன்பது பேர். அதில் ஒரு கைக்குழந்தை.

"எல்லாருக்கும் நான்தான் தைரியம் சொன்னேன். எங்க அண்ணன் மவன் ஜீப்பு எடுத்துட்டு வரான், எந்தத் தண்ணியிலயும் போகும்னு. ஒரு வெளிச்சம் தெரிஞ்சாப் போதும், அந்தச் சின்னப் பையன், பாட்டி ஜீப்பு, பாட்டி ஜீப்புன்னு ஜன்னலுக்கு ஓடுவான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் என் கணக்கைச் சொல்லியிருப்பேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் காலை பத்தரை மணி ஞாபகம் வந்தது. அதுவரை ஏழு மணியிலிருந்துதான் அந்த நாளை யோசித்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு ரோட்டில் கணுக்கால் தண்ணீர். ஒரு மைவி போதும். அப்பாவின் பழைய சாகா போதும். என்னிடம் மைவி இருந்திருந்தால் பயந்து அப்போதே ஓடியிருப்பேன். பஜேரோ இருந்ததால் காத்திருந்தேன். பொமன் அண்ணன் சொன்ன இன்னும் உள்ள போய்ச் சிக்குவது இதுதான் போலும். நான் சிக்கியது சாயங்காலத்தில் இல்லை. காலையில், டயர் கடை நாற்காலியில்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. 70 லிட்டர் ஊற்றினால் முன்பைவிட 84 வெள்ளி கூட. விற்றுவிடு என்று அம்மா சொன்னார். நானும் விளம்பரத்துக்குப் படம்கூட எடுத்தேன். "வச்சிருடா" என்று அப்பாதான் சொன்னார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. அத்தை கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். "லோங்காங்ல தண்ணி ஓடுது, அவ்ளோதான். நீ வராத" என்றார். அப்பாவும் நானும் கிளம்பிவிட்டோம். அத்தை உலையில் அரிசி போட்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு ஏற்றினோம். அரிசி வீணாகிப்போச்சு என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். அப்பா முன்னால் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

பந்திங் வருவதற்குள் மழை விட்டுவிட்டது. தாமானில் அன்றைக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. போய்வந்த வழி முழுக்க 2எச்-தான்.