700 மில்லி தண்ணீர்

மார்ச் 5, 2025, புதன். சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டேன். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். அந்தக் குருத்து ஞாயிறன்று இவர், என் வீட்டுக்காரர், ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் முன்னால் நடந்தார். ஆகஸ்டில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. முப்பது வருஷம் மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டிய மனுஷன் இப்போது வாசல்படியில் உட்கார்ந்து, வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் எண்ணுகிறார்.

நோயாளிகளுக்கு இன்று ஒருசந்தி கட்டாயமில்லை என்று திருச்சபை விலக்குத் தந்திருக்கிறது. டாக்டர் விதித்த நோன்புக்குத்தான் விலக்கே இல்லை. ஒரு நாளைக்கு 700 மில்லி தண்ணீர். காப்பி, ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும் என்பதால் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் இருந்துகொண்டு, கொல்லையில் குலை பழுத்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

விடிந்ததும் ஒரு பாட்டிலில் கோடு வரை தண்ணீர் நிரப்பி வைப்பேன். இவர் காப்பி குடித்தால் அந்த அளவு பாட்டிலிலிருந்து கீழே போகும். சாயங்காலம் நாலு மணிக்குப் பாட்டில் காலியாகிவிட்டால் அந்த ராத்திரி ரொம்ப நீளம்.

மார்ச் 11, செவ்வாய்

செவ்வாய், வியாழன், சனி. காலை 6 மணி டயாலிசிஸ் ஷிப்ட். இருட்டிலேயே தக்கலையிலிருந்து ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறோம். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்குப் பன்னிரண்டு. நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் பார்க்கிற வேலையை மெஷின் அந்தப் பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டும். இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். விரலை வைத்தால் உள்ளே பூனை உறுமுவதுபோல் இருக்கும். உறுமல் நின்றுவிடவில்லையே என்று ராத்திரியில் இவருக்குத் தெரியாமல் தொட்டுப் பார்ப்பேன்.

போகிற வழியில்தான் புலியூர்குறிச்சி. உதயகிரிக் கோட்டை ஒரு பக்கம், முட்டிடிச்சான் பாறைக் கோயில் ஒரு பக்கம். கைதியான புனித தேவசகாயத்தை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன காலத்தில், இங்கே தாகத்தால் தவித்தவர் செபம் செய்து முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் பீறிட்டது என்பது எங்கள் பாட்டிமார் சொல்லித்தந்த கதை. இவர் ஆட்டோவுக்குள்ளிருந்தே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் போடவில்லை. கைதிக்குக் கல்லிலிருந்து தண்ணீர் வரவழைத்தீர். என் வீட்டில் கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கிறது, இவர் குடிக்கக் கூடாது. இது என்ன நியாயம்?

எழுதிய பிறகு பயமாக இருக்கிறது. அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இவருடைய சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பழம் வாங்கி வந்திருந்தார்கள், வாழைப்பழம். செபம் செய்தார்கள். எழும்போது சொன்னான்: “மைனி, நீங்க மெஷினை நம்புதீங்க. ஆண்டவரை முழுசா நம்பினா இதெல்லாம் எதுக்கு? ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க.”

எனக்குத் தொண்டை அடைத்தது. இவர்தான் பதில் சொன்னார்: “ஒரு மாசம் எதுக்குலே? ஒரு வாரம் நிறுத்தினாப் போதும். நேரா ஆண்டவர்கிட்டயே போயிருவேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்காமல், வாசலில் என் கையைப் பிடித்து, “குடும்பத்துல ஏதாவது பாவம் அறிக்கையிடாம கிடக்கோ அக்கா?” என்று கேட்டாள். கெட்டவர்கள் இல்லை. முதல் டயாலிசிஸ் அன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் தரையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் இன்றைக்கும் என்னைத் தாங்குகிறது.

மார்ச் 22, சனி

மெஷின் ஓடுகிற நேரத்தில் வராந்தாவில் யோபு ஆகமத்தை முதலிலிருந்து படித்தேன். சின்ன வயதில் ‘பொறுமைக்கு யோபு’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பொறுமையெல்லாம் முதல் இரண்டு அதிகாரத்தோடு சரி. மூன்றாவதில் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்குப் பிறகு கடவுளோடு வழக்குத்தான்.

மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ஏழு இரவு தரையில் கூட உட்கார்ந்து வாய் திறக்கவில்லை. அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். பிறகு விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், இது தண்டனை, இது பாடம். 38-ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசுகிறார். ஏன் இந்தத் துன்பம் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் 42-இல் கோபித்துக்கொள்வது யார்மேல்? தமக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள்மேல். சரியாகப் பேசியவன் யோபுதான் என்று தீர்ப்பு. அத்தனை முறையிட்டவன், சண்டை பிடித்தவன்!

நாற்பது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன். இது என் கண்ணில் பட்டதே இல்லை. சிநேகிதர்கள் கடவுளைப் பற்றித்தான் பேசினார்கள். கடவுளிடமே பேசினவன் யோபு.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கால்நடையும் விளைச்சலும் போய் மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு டச்சுத் தளபதி டி லனாய் சொன்னது இந்த யோபுவின் கதையைத்தான். குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர் டி லனாய். கைதியாக வந்தவர், சொத்து இழந்தவருக்குச் சொன்ன கதை. அதைக் கேட்டவர்தான் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். துன்பம் தீரும் என்று நம்பி அவர் சேர்ந்திருக்க முடியாது. யோபுவைக் கேட்டவருக்கு அந்த ஏமாற்று எடுபடாது.

மார்ச் 27, வியாழன்

இன்று மூன்றாவது மணியில் இவருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிட்டது. கெண்டைக்கால் முறுக்கி அலறினார். நர்ஸ் ஓடிவந்து தலைப்பக்கம் கட்டிலைத் தாழ்த்தி சலைன் ஏற்றினாள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். செபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே என்பதற்குமேல் நாக்கு நகரவில்லை. ‘இவரைக் கொண்டுபோகவா இத்தனை தூரம் இழுத்தடித்தீர்’ என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அதையே மணிக்கு ஒன்றாக உருட்டினேன்.

அடுத்த கட்டில்காரரின் மனைவி, திருவிதாங்கோட்டுக்காரி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரமலான் மாதம். விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள், கீழே கடைக்குப் போய் எனக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து மூடியைத் திறந்து கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிஷத்தில் இவர் கண் விழித்தார்.

ஏப்ரல் 9, புதன்

தூக்கமில்லை. தேவசகாயத்தின் மனைவியை நினைத்துக்கொண்டு கிடந்தேன். பார்கவி அம்மாள், ஞானஸ்நானப் பெயர் ஞானப்பூ. 1749-இல் கணவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இவள் 1766-இல் இறந்து வடக்கன்குளத்தில் அடக்கமானாள். அவருக்குக் கோட்டாற்றில் கல்லறை, புனிதர் பட்டம், திருவிழா எல்லாம் இருக்கின்றன. அந்தப் பதினாலு வருஷம் அவள் ராத்திரிகளில் என்ன கேட்டாள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்டிருப்பாள். கேட்டுக்கொண்டே அவள் அங்கேயே இருந்தாள்.

ஏப்ரல் 18. பெரிய வெள்ளி

இவர் பிடிவாதமாகக் கோயிலுக்கு வந்தார். நாற்காலி போட்டு ஓரமாக உட்காரவைத்தேன். பாடுகளின் வரலாறு வாசித்து, சிலுவையில் தொங்கியவர் தாகத்தைச் சொல்கிற இடம் வந்தபோது இவரைப் பார்க்கப் பயந்தேன். இவர் என் காதருகே குனிந்து, “அவருக்குக் காடியாவது கிடைச்சுது” என்றார். கோயிலில் சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டேன். பிறகு அழுகையை.

சிலுவையில் அவர் சொன்னவை ஏழு. அதில் ஒன்று தாகம். இன்னொன்று, ஏன் கைவிட்டீர் என்று தகப்பனைப் பார்த்துக் கேட்ட கேள்வி. வானத்திலிருந்து பதில் வந்ததாக எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை. மகனுக்கே கேள்வி இருந்திருக்கிறது. மார்ச் 11-இல் நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். இனி அதை அடிக்க வேண்டியதில்லை. விசுவாசம் போய்விட்டது என்றால் நான் யாரிடம் சண்டை போட்டிருப்பேன்? ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று யாரும் கத்துவதில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று பாஸ்கா. பேரப்பிள்ளைகள் வந்தார்கள், ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்தேன். இவர் ருசி பார்த்ததோடு நிறுத்தவில்லை.

இன்று மதியம் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி. 88 வயது. பிப்ரவரியிலிருந்து 38 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், நேற்று மாடத்தில் வந்து ஆசீர் கொடுத்தார். 2022 மே 15-இல் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தவர் அவர்தான். முழங்கால் வலியால் அந்த மாதம்தான் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார். இவர் டிவியை அணைத்துவிட்டு, “கடைசி டூட்டியையும் முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு” என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இருட்டில் ஆட்டோ. முட்டிடிச்சான் பாறையைக் கடக்கும்போது இவர் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டேன். கேள்வியையும் விடவில்லை, அதே கேள்விதான்.

எடை பார்த்தார்கள். போன சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று கிலோ கூடியிருக்கிறது. எல்லாம் பாஸ்கா குழம்பு. நர்ஸ் திட்டினாள், இவர் பள்ளிப்பிள்ளைபோல் தலையைக் குனிந்துகொண்டார். பத்தரை மணிக்கு மெஷின் நின்றது. வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்தேன். பாட்டிலில் இன்னும் 400 மில்லி இருக்கிறது.