எட்டால் வகுப்பவர்களுக்கு

நான் ஓய்வு பெறச் சில வாரங்கள் இருந்தபோது, என் இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டுமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. "எட்டால வகுக்கிற கணக்குதானே சார், அதுக்குத்தான் கன்வெர்ட்டர் இருக்கே" என்றார் ஓர் இளைஞர். யாரும் மறுக்கவில்லை. சேமிப்பகத்தையும் ஒளியிழைத் தடத்தையும் இணைக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அந்தக் கணக்கு என்னவென்று சொல்லாமல் போக மனம் வரவில்லை.

6 ஜிகாபிட் சாட்டாவை எட்டால் வகுத்தால் 750 மெகாபைட். ஆனால் உச்சமே 600தான். 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்பும் 8பி/10பி குறியீடு ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அங்கே பத்தால் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் பத்தால் வகுத்துவிடலாமா என்றால் அதுவும் ஆகாது. 8ஜி ஃபைபர் சேனலில் ஓடுவது 8.5 ஜிகாபாட், கிடைப்பது 800 மெகாபைட். 16ஜியில் ஓடுவது 14.025 மட்டுமே, கிடைப்பதோ 1600. குறியீடு 64பி/66பி ஆகிவிட்டதுதான் காரணம். ஈதர்நெட்காரர்கள் குறியீட்டைக் கழித்த பிறகு பெயர் வைக்கிறார்கள்: 10 ஜிகாபிட் என்கிற தடத்தில் ஓடுவது 10.3125. சாட்டாக்காரர்கள் கழிப்பதற்கு முன்பே வைத்துவிடுகிறார்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி எதையும் வகுக்கக் கூடாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தொலைபேசித் துறையின் டிரான்ஸ்மிஷன் பிரிவிலிருந்து வந்த ஒரு பெரியவர். எந்த வேகத்தைச் சொன்னாலும் "எந்த இடத்துல அளந்தது?" என்பார். பதில் இல்லையென்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். லைனில் ஓடுவது, குறியீடு நீங்கியபின் நிற்பது, பேலோடாகக் கையில் சேர்வது என்று மூன்று வரி எழுதிய பிறகுதான் பேச்சே. தொலைபேசித் தடத்தின் அடிப்படை அலகான எஸ்.டி.எம்-1ஐ அவர் வாயாலேயே கட்டுவார்: 270 பத்தி, 9 வரிசை, கட்டத்துக்கு ஒரு பைட், நொடிக்கு 8000 ஃபிரேம், ஆக 155.52 மெகாபிட். மனிதக் குரலை நொடிக்கு 8000 முறை அளந்த காலத்திலிருந்து வந்த 8000 அது. தலைப்புகளை நீக்கினால், அதன் உட்கலமான ஒரு விசி-4 சுமப்பது 149.76.

அவர் என்னைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்த கணக்கு, 1ஜி ஃபைபர் சேனலை இந்த எஸ்.டி.எம் தடத்தில் ஏற்றுவது. 1062.5 மெகாபிட்டை அப்படியே ஏற்றினால் ஏழு விசி-4 போதாது, எட்டு வேண்டும். "குறியீட்டையும் சேர்த்து ஏன் சுமக்கிறே?" என்பார். 8பி/10பியைக் கழற்றினால் மிஞ்சுவது 850. அதை ஜிஎஃப்பி-டி முறையில் 64பி/65பியாகக் கட்டி, பிழை சோதனையும் சேர்த்தால் 890 சொச்சம். ஆறு விசி-4 கொள்வது 898.56. உள்ளே போய்விடுகிறது, மயிரிழை இடைவெளியில். ஒரு எஸ்.டி.எம்-64இல் 64 விசி-4. எட்டெட்டாகக் கொடுத்தால் எட்டு லிங்க், ஆறாறாகக் கொடுத்தால் பத்து. அந்த இரண்டு லிங்குக்கு மாதாமாதம் வாடகை கட்டியவர்களுக்கு அருமை தெரியும். கட்டுப்பாட்டுக் குறிகளும் சேதமில்லாமல் மறுமுனைக்குப் போகின்றன என்பது இந்த முறையின் அழகு. அந்தக் குறிகள் இல்லாமல் ஃபைபர் சேனலில் கிரெடிட், அதாவது அடுத்த ஃபிரேமை அனுப்பும் அனுமதி, திரும்பி வராது.

கிரெடிட் என்றதும் தூரம் வந்துவிடுகிறது. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் கடக்க 5 மைக்ரோ நொடி. 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப 1 மில்லி நொடி. 8ஜியில் அந்த நேரம் முழுக்கத் தடம் நிரம்பியிருக்க, முழு அளவு ஃபிரேமுக்கே ஏறக்குறைய 400 பஃபர் கிரெடிட் தேவை. போர்ட்டில் 40தான் இருக்கிறதென்றால் கன்வெர்ட்டர் 800 என்று காட்டும், லிங்க் 80 தரும். ஒரு நிறுவனத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே 16ஜி வாங்கினார்கள். கிரெடிட் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. பழி தடம் கொடுத்தவர் தலையில் விழுந்தது.

பிறகு 32ஜி வந்தது. குறியீடு மறுபடி மாறி 256பி/257பி ஆகிவிட்டது. லைனைத் தொட்டுப் பார்க்காதவர்கள் டிசைன் போடுகிறார்கள், வகுத்தல் தெரிந்தவர்கள் அதற்கு ஒப்புதல் தருகிறார்கள். மெகாபைட் என்பது 10,00,000 பைட்டா 10,48,576 பைட்டா என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். டெராவுக்குப் போனால் அந்த இடைவெளி ஏறக்குறைய 10 சதவீதம். இரவு பேக்கப் விடியுமுன் முடியுமா என்பது அந்தப் பத்தில் இருக்கிறது.

டெண்டரில் வேகத்துக்கு ஒற்றை எண் எழுதி வருபவருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். லைன், குறியீடு நீங்கியது, பேலோட் என மூன்றையும் கேளுங்கள்; நான்காவதாகத் தூரத்தைக் கேளுங்கள். நான்கில் ஒன்று குறைந்தாலும் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.