ஓநாயும் ஆயனும்

தருமபுரியினின்று பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்வோர் காவிரியின் அருவியையே எண்ணிச் செல்கின்றனர். இருமருங்கும் உள்ள கற்குன்றுகளையும் முட்புதர்களையும் உற்று நோக்குவோர் சிலரே. மழை குறைந்த இம்மண்ணில் கேழ்வரகும் சாமையும் பொய்க்கும் ஆண்டில் ஏழைக் குடும்பத்தைத் தாங்குவது ஆட்டு மந்தையே. இத்தகைய வறண்ட வெளிகளே ஓநாய்க்கும் உகந்தவை. ஆதலின் ஆயனுக்கும் ஓநாய்க்கும் நெடுங்காலப் பகை உண்டு.

ஓநாயைப் பிடிக்க நம் நாட்டு முன்னோர் பல வழிகளைக் கையாண்டனர். ஆழக் குழி தோண்டித் தழையால் மூடி, அருகே ஆட்டுக்குட்டியைக் கட்டி வைப்பது ஒன்று. குட்டிகள் இருக்கும் வளையைத் தேடிப் புகையிடுவது மற்றொன்று. பறையறைந்து புதரைக் கலைத்து வலையில் விழச் செய்வதும் உண்டு. எனினும் அது எளிதில் அகப்படும் விலங்கன்று. ஓரிரவில் பல கல் தொலைவு கடக்கும். மனித வாடை வீசும் இடத்தை ஐயுறும். ஒன்று காவல் நாயை ஒருபுறம் ஈர்த்துச் செல்ல, மற்றொன்று மறுபுறம் புகுந்து ஆட்டைக் கவ்வும். செத்த ஆட்டில் நஞ்சு வைத்தாலோ, நாயும் பிணந்தின்னிக் கழுகும் சேர்ந்தே மடியும்.

ஆகவே அனுபவம் மிக்க ஆயர்கள் வேட்டையினும் காவலையே பெரிதும் நம்பினர். முள்வேலியிட்ட பட்டி, இரவெல்லாம் எரியும் தீ, விழிப்புள்ள நாய் ஆகிய மூன்றுமே அவர்தம் அரண். நாயின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில், செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் உள்ள 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்னும் நாயின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓநாயின் தலைக்கு விலை வைக்கப்பட்டது. 1875 முதல் 1925 வரை இந்தியாவில் 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜனின் கணிப்பு. இன்று நாடு முழுவதும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 3,000 என்பர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஓநாய் வேட்டையைத் தடை செய்கிறது. அது நல்ல சட்டமே. ஆயினும் ஓரிரவில் நான்கு ஆடுகளை இழந்தவனுக்கு அச்சட்டம் மட்டும் ஆறுதல் ஆகுமோ?

கூபியோ நகரை அச்சுறுத்திய ஓநாயைப் புனித அசிசி பிரான்சிஸ் அடக்கிய கதையை நாம் அறிவோம். அதில் அவர் ஊராரிடமும் ஒன்று கேட்டார்: பசித்த அவ்விலங்கின் உணவுப் பொறுப்பை அனைவரும் ஏற்க வேண்டும் என்றார். ஓநாயைக் காக்க விரும்பும் நாமும், அதன் செலவை ஏழை ஆயன் ஒருவன் தலையில் சுமத்தலாகாது. வனவிலங்கால் மாண்ட கால்நடைக்கு அரசு இழப்பீடு உண்டு. தடயம் அழியுமுன் வனத்துறைக்கு அறிவிக்க வேண்டும். அவனுக்காக ஒரு மனு எழுதித் தர நம் இளைஞர்கள் முன்வருவார்களாக!