சாவியை அறியாத இயந்திரம்

2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரின் தெற்கு விளிம்பில் உள்ளது கராச்சர்மா. மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருப்பதால் ஆய்வு உலகில் இவ்வூரின் பெயர் ஓரளவு அறியப்பட்டதே. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இடம்பெறாத ஆய்வுக்கூடம் ஒன்றும் இங்கு உண்டு. அது தகரக் கூரையிட்ட ஒரு கார் பணிமனை. அதை நடத்துபவர் ஐம்பது வயதைக் கடந்த தமிழர். கார்புரேட்டர் காலத்தில் தொழில் கற்றவர்.

ஒரு மழைக்காலத்தில் சுற்றுலா வாடகைக் கார் ஒன்று அவரிடம் கட்டியிழுத்துக் கொண்டுவரப்பட்டது. கடலேற்றமும் கனமழையும் ஒருசேர வந்த மாலையில், தாழ்வான சாலையில் தேங்கிய உப்புநீருக்குள் ஓட்டுநர் வண்டியை இறக்கிவிட்டார். காற்று வடிகட்டி வழியே நீர் புகுந்தது. காற்றைப்போல் நீர் அமுங்குவதில்லை. ஆகவே மேலேறிய பிஸ்டனின் விசை முழுவதையும் இணைப்புத் தண்டு தாங்க நேர்ந்தது, அது வளைந்தது. இயந்திரத்தை இயக்கும் கணினிப் பெட்டிக்குள்ளும் உப்புநீர் புகுந்திருந்தது. பணிமனை வழக்கில் அப்பெட்டியின் பெயர் ஈசிஎம். சுற்றுலாப் பருவம் தொடங்க மூன்று வாரங்களே இருந்தன. ஓட்டுநரின் மாதத் தவணைக்கு அந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

சென்னைப் புதுப்பேட்டையில் அதே வகை இயந்திரம் கிடைத்தது. அதனுடன் அதற்குரிய ஈசிஎம்மும் வந்தது. கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். இயந்திரம் பொருத்தப்பட்டு, சாவி திருப்பப்பட்டது. ஒரு நொடி உறுமிவிட்டு அணைந்தது. டேஷ்போர்டில் சாவிச் சின்னமிட்ட சிறுவிளக்கு மட்டும் விட்டுவிட்டு ஒளிர்ந்தது.

“அண்ணே, இஞ்சின் கெட்டதா அனுப்பிட்டானா?” என்று கேட்டார் ஓட்டுநர்.

“இஞ்சின் நல்லாத்தான் இருக்கு தம்பி. உன் சாவி யாருன்னு அதுக்குத் தெரியல” என்றார் மெக்கானிக்.

அந்த விடையில் உவமை எதுவும் இல்லை. சாவியின் பிடிக்குள் மின்கலம் இல்லாத சிறு சில்லு ஒன்று இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதற்கு ஆற்றல் ஊட்டுகிறது. கார் ஓர் எண்ணை வினாவாக அனுப்புகிறது. சில்லு தன்னிடமுள்ள இரகசியத்தைக் கொண்டு விடையைக் கணித்துத் திருப்பியனுப்புகிறது. விடை பொருந்தினால்தான் எரிபொருள் தொடர்ந்து செலுத்தப்படும். கார்த் திருட்டைத் தடுக்க எழுந்த இம்மொபிலைசர் என்னும் இந்த ஏற்பாடு, 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. பின்னர் உலகெங்கும் பரவியது. புதுப்பேட்டையிலிருந்து வந்த ஈசிஎம் எங்கோ உடைக்கப்பட்ட ஒரு காரின் சாவியை நினைவில் வைத்திருந்தது. அந்தச் சாவி எங்கே போயிற்று என்பது விற்றவருக்கும் தெரியவில்லை.

மெக்கானிக்கின் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, உற்பத்தியாளரின் கருவியையும் இரகசிய எண்ணையும் கொண்டு புதிய ஈசிஎம்மைப் பழைய சாவிக்குப் பழக்குவது. இதற்கு நிறுவனத்தின் சேவையகத்துடன் இணைய வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தபின் இணைய வேகம் இங்கு பெருந்தடையாக இல்லை. கதவைத் திறக்கும் உரிமைதான் தடை. அது அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கே உரியது.

இரண்டாவது வழி மிக எளிது. சென்னையில் உள்ள தொழில் நண்பர் ஒருவர் இம்மொபிலைசரையே நீக்கிய மென்பொருள் கோப்பை ஒரு மணி நேரத்தில் அனுப்பத் தயாராக இருந்தார். வண்டி அன்றே ஓடும். ஆனால் அதன்பின், சில்லு இல்லாத வெறும் உலோகச் சாவியும் அந்த வண்டியைக் கிளப்பிவிடும்.

“திருடன் கப்பல்ல ஏத்திக்கிட்டா போகப்போறான்? சும்மா போட்டுக் குடுங்கண்ணே” என்று கெஞ்சினார் ஓட்டுநர்.

மெக்கானிக் உடன்படவில்லை. பிறர் பூட்டைப் பழுதுபார்க்க வந்தவன் அதை உடைத்துவிட்டுப் போகலாகாது என்பது அவர் கருத்து. நாளை இந்த வண்டி வேறொருவர் கைக்கு மாறினால், பூட்டு இல்லை என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

அவர் தேர்ந்தது மூன்றாவது வழி. நனைந்த பழைய ஈசிஎம்மைத் திறந்தார். பலகை பச்சைப் பூத்திருந்தது. ஆனால் நினைவைத் தாங்கும் எட்டுக்கால் சில்லு கெட்டிருக்க வேண்டியதில்லை. அதைச் சூடேற்றிக் கழற்றி, துடைத்து, படிப்பான் கருவியில் வைத்தார். மும்முறை படித்து மூன்றும் ஒன்றே என உறுதிசெய்தபின், அந்தத் தரவைப் புதிய ஈசிஎம்மின் சில்லுக்குள் எழுதினார். சாவியின் இரகசியமும் வண்டியின் அடையாள எண்ணும் இடம் மாறின. சாவிச் சின்ன விளக்கு அணைந்தது, இயந்திரம் ஓடியது. எனினும் ஓட்டம் சீராக இல்லை. டீசல் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் அதன் நுண்ணிய அளவு வேறுபாட்டைக் குறிக்கும் குறியெண் உண்டு. பழைய நினைவோடு பழைய இன்ஜெக்டர்களின் எண்களும் வந்துவிட்டன. புதிய நான்கு எண்களையும் ஸ்கேனர் வழியே பதிந்த பிறகே ஓட்டம் சீரானது.

இந்தப் பணிமனைக் காட்சிக்குப் பின்னால் இரண்டு பெரிய வழக்குகள் உள்ளன. நெதர்லாந்து, இங்கிலாந்து ஆய்வாளர்கள் இம்மொபிலைசர் சங்கேதம் ஒன்றில் கண்டறிந்த குறையை வெளியிட 2013இல் லண்டன் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கட்டுரை 2015இல்தான் வெளிவந்தது. இந்தியாவில், உதிரிபாகங்களையும் பழுதறி கருவிகளையும் தனிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தமைக்காக 14 கார் உற்பத்தியாளர்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் பின்னர் தொடர்ந்தன. முதல் வழக்கு பூட்டைப் பற்றிய அறிவு யாருக்குரியது என்பதைப் பற்றியது. இரண்டாவது, பூட்டின் பெயரால் யாரை வெளியே நிறுத்தலாம் என்பதைப் பற்றியது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இரகசிய எண்ணை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டால் திருடனும் கேட்பான். ஆனால் உரிமையாளர் அருகில் நிற்க, பதிவுச் சான்றிதழ் மேசைமேல் இருக்க, இந்தியப் பெருநிலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, அதே மறுப்பைப் பாதுகாப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அடையாளத்தைச் சரிபார்த்து அறிவைப் பகிர்வதற்கான நடைமுறைதான் இல்லாமற்போனது. அந்த வெற்றிடத்தைத் தீவின் மெக்கானிக் தம் நேர்மையால் நிரப்ப வேண்டியிருந்தது. எல்லாப் பணிமனையிலும் அது வாய்க்கும் என எதிர்பார்க்க இயலாது.

வண்டியை ஒப்படைக்கும்போது அவர் ஒரு தாளில் புதிய இயந்திரத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தார். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி இயந்திர மாற்றத்தைப் பதிவு அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும்.

“கம்ப்யூட்டருக்கு நீ யாருன்னு சொல்லியாச்சு தம்பி. ஆபீசுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடு.”

ஓட்டுநர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.